மலையிறங்கிய பின்

திண்டுக்கல்லில் வாழ்பவர்களுக்கு மலை என்பது தேடிச் சென்று காண வேண்டிய ஒன்றன்று. கிழக்கே சிறுமலை படுத்துக் கிடக்கிறது. மேற்கே, வானம் தெளிந்த நாட்களில், பழனி மலைத்தொடர் நீலச் சுவராய் எழுந்து நிற்கிறது. நத்தம் பக்கம் திரும்பினால் கரந்தமலை. ஊரின் நடுவிலோ கோட்டையைத் தலையில் தாங்கிய மொட்டைப் பாறை. சிறுமலையின் முகட்டில் மேகம் கவிந்துவிட்டால் கொடியில் காயும் துணிகளை எடுக்க ஓடுவது இவ்வூர்ப் பெண்களின் பழக்கம். இத்தனை மலைகளை அன்றாடம் பார்க்கும் ஊரில் அவற்றின்மேல் கால்நடையாய் ஏறியவர்கள் குறைவு. ஏறி இறங்கியபின் அதைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருப்பவர்கள் அதனினும் குறைவு. நாங்கள் அந்த இரண்டாம் வகையினர்.

1986ஆம் ஆண்டில் பங்கு இளைஞர் மன்றத்துக் கேரம் பலகையைச் சுற்றி நின்ற பதினொரு பேர் நாங்கள். எங்கள் ஊர் அப்போது திருச்சி மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. திண்டுக்கல் மறைமாவட்டம் 2003இல்தான் உருவாயிற்று. பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவர் ஒருவர், தோல் ஷாப்பில் கணக்கெழுதியவர் ஒருவர், ஆசிரியர்கள் இருவர், இரயில்வே ஊழியர் ஒருவர், உபதேசியாரின் மகன், வேலை தேடிக்கொண்டிருந்த மற்றவர்கள். எங்கள் கூட்டத்திற்குப் பெயரில்லை. தலைவர், செயலாளர், சந்தா, முத்திரை எதுவும் இல்லை. ஒரு பேரேடு மட்டும் உண்டு. சிவப்புத் துணி அட்டை போட்ட அந்தக் கணக்குப் புத்தகத்தைத் தோல் ஷாப்பு நண்பர் தம் செலவில் வாங்கிவந்தார். ஒவ்வொரு மலைப் பயணத்திற்கும் ஒரு பக்கம். இடப்புறம் வரவு, வலப்புறம் செலவு. எத்தனை மணிக்குப் புறப்பட்டோம், எங்கே தண்ணீர் இருந்தது, எங்கே வழி பிரிந்தது என்பன வரவு. செலவு வேறு. எடுத்துக்காட்டாக, முதற் பக்கத்தின் செலவு இப்படி இருக்கிறது: ரூபாய் 23, டார்ச் விளக்கு ஒன்று, தமிழாசிரியரின் இடக்காற் செருப்பு.

இயற்கை வருணனை எழுதக் கூடாது என்பது கணக்கரின் கட்டளை. தமிழாசிரியர் அதை அடிக்கடி மீறினார். அவர் மீறிய இடங்களையெல்லாம் கணக்கர் சிவப்பு மையால் அடித்திருக்கிறார். இப்போது புரட்டிப் பார்க்கும்போது, அடிக்கப்பட்ட வரிகளைவிட அடித்தவரின் வரிகளே எங்களுக்குக் கண்முன் மலையைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. ‘ஒன்பது மணி. குதிரைகள் எதிரே வந்தன. ஓரம் நின்றோம். பழ வாசனை’ என்று அவர் எழுதியிருப்பதில் சிறுமலை முழுவதும் இருக்கிறது.

குதிரைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சிறுமலை வாழைப்பழம் புகழ்பெற்றது. 2008இல் தொடங்கிய ஓராண்டுக்குள் புவிசார் குறியீடும் பெற்றது. அப்பழத்தையும் பலாவையும் எலுமிச்சையையும் தோட்டங்களிலிருந்து சுமந்து வருபவை குதிரைகள். வண்டி செல்லாத சரிவுகளில் அவை இன்றும் சுமக்கின்றன. வனத்து அந்தோணியார் திருநாளையொட்டி, பொங்கல் நாட்களில், அக்குதிரைகளைக் குளிப்பாட்டி அலங்கரித்து அந்தோணியார் ஆலயத்தின் முன் கொண்டுவந்து மந்திரித்துச் செல்லும் வழக்கம் சிறுமலையில் உண்டு. எகிப்தின் பாலைவனத்தில் தனித்து வாழ்ந்த துறவி ஒருவர் சிறுமலையின் சுமை குதிரைகளுக்குப் பாதுகாவலரானது திருச்சபையின் இனிய விந்தைகளுள் ஒன்று. நாங்கள் அக்குதிரைகளுக்கு வேறு வகையிலும் கடமைப்பட்டவர்கள். மலைப்பாதை என்பது கல்லாலும் மண்ணாலும் ஆனதன்று, நடையால் ஆனது. நடப்பது நின்றால் இரண்டு மழைக்காலம் போதும், உண்ணிச்செடி பாதையை விழுங்கிவிடும். முள்ளும் கொடியுமாய்ப் பின்னி ஆள் உயரத்திற்கு எழுந்துவிட்டால், நேற்றுவரை வழியிருந்த இடம் அது என்று சொந்த ஊர்க்காரராலும் சொல்ல முடியாது. பதினெட்டுக் கொண்டைஊசி வளைவுகளோடு தார்ச்சாலை வந்தபின் சிறுமலையில் எத்தனையோ ஒற்றையடிப் பாதைகள் இவ்வாறு மறைந்தன. குளம்புகள் மிதித்த பாதைகள் மட்டும் பிழைத்தன.

எங்கள் பேரேட்டில் சிறுமலைக்கு அடுத்தபடி மிகுதியான பக்கங்களைக் கொண்டது பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் பழைய பாதை. விடியுமுன் அருவிக்கரையில் செபமாலை சொல்லிப் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் வெள்ளகவியை எட்டலாம். நெடுங்காலம் சாலையே காணாத ஊர் அது. ஊரே கோயில் என்று கருதுவதால் எல்லைக்குள் செருப்பணிந்து யாரும் நடப்பதில்லை. எரியும் முட்புதரின் முன் மோசே கேட்ட கட்டளையை ஒரு மலைக் கிராமம் முழுவதும் நாள்தோறும் கடைப்பிடிப்பதை அங்கே கண்டோம். எங்கள் மறைக்கல்வி ஆசிரியர்கள் இதைவிடத் தெளிவாய் அப்பகுதியை விளக்கியதில்லை.

இம்மலைகளில் எங்களுக்கு முன் ஏறியவர்கள் பலர். 1821இல் லெப்டினென்ட் வார்டு என்னும் அளவையாளர் பழனி மலைகளை அளந்தார். 1834இல் மதுரையின் துணை ஆட்சியராயிருந்த ராட்டன் என்பவர் தேவதானப்பட்டிப் பக்கமிருந்து ஏறிச் செண்பகனூர் அருகே சிறு பங்களா ஒன்றைக் கட்டினார். 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மறைப்பணியாளர்கள் காலராவுக்கும் மலேரியாவுக்கும் அஞ்சித் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேலே சென்று வீடமைத்தனர். கொடைக்கானல் என்னும் ஊர் அவ்வாறு பிறந்தது. 1860களில் இயேசு சபையின் செயின்ட் சீர் அடிகளார் அங்கே சலேத் மாதாவுக்கு ஆலயம் எழுப்பினார். பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் 1846இல் மாடு மேய்த்த சிறுவர் இருவருக்குக் காட்சி தந்த அன்னை, இருபது ஆண்டுகளுக்குள் பழனி மலையில் குடியேறிவிட்டாள். 1895இல் செண்பகனூரில் இயேசு சபையினரின் திருஇருதயக் கல்லூரி தோன்றியது.

செண்பகனூர்த் துறவிகளைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எங்களுக்கு ஓர் உறவு உணர்வு தோன்றும். அவர்கள் நடந்தார்கள், நடந்ததை எழுதினார்கள். ஆங்லேட், நியூட்டன் என்னும் இரு அடிகளார் மலைகளெங்கும் அலைந்து பழங்காலக் கல்திட்டைகளைத் தேடி அளந்து எழுதிய நூலை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. ஃபொரோ அடிகளார் காலடியில் கிடக்கும் பாசிகளையே ஆராய்ந்து 1961இல் பழனி மலைப் பாசிகளுக்கென ஒரு நீண்ட ஆய்வு எழுதினார். எங்கள் காலத்தில் மத்தேயு அடிகளார் இருந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் தாவரக் காப்பகத்தைத் தோற்றுவித்தவர். 1985இல் தொடங்கிய பழனி மலைப் பாதுகாப்புக் குழுவில் பங்குகொண்டவர். 1999இல் பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டு, 2004இல் மறைந்தார். ஒரு பூவை எங்கே, எந்நாளில், எந்த உயரத்தில் பறித்தோம் என்று ஒரு துண்டுத் தாளில் குறித்து அதனோடு ஒட்டிவைப்பது தாவரவியலாரின் முறை. எங்கள் கணக்கரின் வரவுப் பக்கமும் ஏறத்தாழ அதுவே. அவருக்குத் தாவரவியல் தெரியாது என்பது வேறு செய்தி.

ஆனால் எழுதாமற் போனவர்களை என்ன செய்வது? 1875இல் இரயில் வந்தபின் வெள்ளைக்காரக் குடும்பங்கள் அம்மையநாயக்கனூரில், இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையத்தில், இறங்கி மாட்டு வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து மலையடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைந்தன. அங்கிருந்து பன்னிரண்டு மைல் ஏற்றம். துரைமார் குதிரையில் ஏறினர். துரைசானிகளும் பிள்ளைகளும் கம்பில் கட்டிய நாற்காலிகளில் அமர்ந்தனர். அந்நாற்காலிகளையும் பெட்டிகளையும் பியானோக்களையும் தோளில் சுமந்து ஏறியவர்கள் நம் சமவெளி மக்கள். அப்பாதைக்கே கூலிகளின் கணவாய் என்று ஆங்கிலத்தில் பெயர். சுமக்கப்பட்டவர்கள் தங்கள் மலை நினைவுகளைப் புத்தகங்களாக எழுதியிருக்கிறார்கள். சுமந்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிட்டவில்லை. அவர்களுக்கும் மாலையில் தோப்பில் அடுப்பு மூட்டி, அன்று எந்த வளைவில் கால் சறுக்கியது என்று பேசிச் சிரித்த நேரம் இருந்திருக்கும். பழனி மலையின் மெய்யான மலையேறிகள் அவர்கள்தாம் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அவர்கள் பேச்சு தோப்போடு கரைந்துபோயிற்று. பேரேட்டைக் கைவிடக் கூடாது என்று எங்களில் பூட்டுப் பட்டறைக்காரர் பிடிவாதமாய் இருந்ததற்கு இதுவே காரணம். அவருடைய பாட்டனார் அத்தோப்பிலிருந்து சுமை தூக்கியவர்.

காலம் எங்களையும் தேய்த்தது. பதினொருவரில் இருவர் இறைவனடி சேர்ந்தனர். இருவர் வேலை தேடிக் கோயம்புத்தூருக்கும் துபாய்க்கும் போயினர். மற்றவர்களுக்கு முழங்கால் வலி, சர்க்கரை, பேரப்பிள்ளைகள். 2006இல் குறிஞ்சி பூத்தபோது ஒன்பது பேராய் ஏறினோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1994இல், அதே சரிவில் நின்றதைப் பேரேட்டைப் பார்த்து ஒப்பிட்டோம். குறிஞ்சி எங்களுக்கு ஒருவகை நாட்காட்டி. இரண்டு பூப்புகளுக்கிடையே ஒரு குழந்தை பள்ளிப் படிப்பை ஏறக்குறைய முடித்துவிடுகிறது. ஒரு மனிதனின் தலைமுடி நரைத்துவிடுகிறது.

அடுத்த பூப்பு 2018இல். அவ்வாண்டு மார்ச்சு 11 அன்று, தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமையில், போடிக்கு அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. மலையேறச் சென்ற இளைஞரும் இளம்பெண்களும் புல் சரிவில் சிக்கிக்கொண்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தப் புல் எப்படிப்பட்டது என்று எங்களுக்குத் தெரியும். மாசி பங்குனியில் அது கையால் தொட்டால் நொறுங்கும். அவ்வார இறுதியில் எங்களில் எவராலும் எதுவும் பேச முடியவில்லை. அரசு மலையேற்றத்திற்கு அவ்வாண்டே விதிமுறைகளை வகுத்தது. முன்னனுமதியின்றிக் காட்டுக்குள் செல்வது நின்றது. அது சரியானதே என்பது எங்கள் கருத்து. 2024 அக்டோபரில் தமிழக அரசு நாற்பது மலைப் பாதைகளை வழிகாட்டிகளோடு முறையாகத் திறந்துவிட்டது. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் எங்கள் கூட்டம் நின்றுபோகும் நிலைக்கு வந்தது.

அந்த நாட்களில் ஒரு மாலை, இரயில்வே நண்பர் வெளிப்படையாகக் கேட்டார்: “ஏறுறவங்களுக்குத்தான் சார் மலைக் கூட்டம். ஏறாதவங்க கூடி என்ன பேசுறது? கலைச்சிடுவோம்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் இல்லத்தரசிகளின் கருத்தும் அதுவே. “இவங்க மலை ஏறினது நாலு நாள், இன்னும் இறங்கவே இல்லை” என்று கணக்கரின் மனைவி பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். ஆண்டுக்காண்டு நாங்கள் கண்ட காட்டுமாடு பருத்துக்கொண்டே வருவதையும் அவர் கவனித்திருக்கிறார். ஏறாமல் ஏறியதைப் பேசுவது வெறும் பெருமை பேசுதல்தானே? மலையை விட்டவர்களுக்கு மலைக் கூட்டம் எதற்கு?

இக்கேள்விக்கு விடை தேடும்போது எங்களுக்கு இருவர் துணைக்கு வந்தனர். ஒருவர் திருத்தந்தை பதினோராம் பயஸ். திருத்தந்தையாவதற்கு முன் அக்கில்லே ராத்தி என்னும் பெயரோடு மிலான் நகர நூலகத்தில் பணியாற்றிய குரு அவர். தேர்ந்த மலையேறி. 1889இல் இன்னொரு குருவோடும் இரு வழிகாட்டிகளோடும் மோன்தே ரோசா மலையின் மிகக் கொடிய கிழக்கு முகப்பில் ஏறினார். உச்சிக்கு அருகில் ஒடுங்கிய பாறை விளிம்பொன்றில், உறங்கினால் உறைந்துபோகும் குளிரில், இரவு முழுவதும் விழித்திருந்தார்கள். அதை அவர் தம் மலையேற்றக் கழகத்தாருக்காக நிதானமாய், பாறை பாறையாக எழுதிவைத்தார். 1922இல் திருத்தந்தையானபின் ஆல்ப்ஸ் மலைக்கு அவர் மீண்டும் செல்லவில்லை, செல்லவும் வழியில்லை. வத்திக்கான் மதிலுக்குள் அடைபட்ட மலையேறி அவர். அடுத்த ஆண்டே அவருடைய மலைக் கட்டுரைகள் நூலாக வந்தன. மந்தோன் நகரப் புனித பெர்நார்தை மலையேறிகளின் பாதுகாவலராகவும் அவ்வாண்டில் அவர் அறிவித்தார். ஏறமுடியாத காலத்தில் அவர் ஏறுகிறவர்களுக்குக் காவலரைத் தேடிக் கொடுத்தார் என்பது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி.

மற்றவர் பியர் ஜார்ஜோ ஃபிரசாத்தி. 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக உயர்த்தியதை வாசகர்கள் அறிவார்கள். டூரின் நகரில் செல்வர் வீட்டில் பிறந்து, ஏழைகளின் மாடிப்படிகளையும் ஆல்ப்ஸ் சிகரங்களையும் ஒரே ஆர்வத்தோடு ஏறியவர். 1925 சூலை 4 அன்று, இருபத்து நான்கு வயதில், இளம்பிள்ளை வாதத்தால் இறந்தவர். கடைசி ஏற்றத்தின்போது எடுத்த படத்தில் ‘உயரத்தை நோக்கி’ என்று அவர் எழுதிய சொற்களை இன்று இளைஞர் மன்றங்களின் பதாகைகளில் காண்கிறோம். எங்களைக் கவர்ந்தது அதுவன்று. 1924இல் அவரும் நண்பர்களும் மலையேறுவதற்கென ஒரு கூட்டம் அமைத்து, அதற்குப் ‘போக்கிரிகள் சங்கம்’ என்று பொருள்படும்படி பெயரிட்டனர். ஆளுக்கொரு கேலிப் பட்டம். ஃபிரசாத்திக்கு ரோபஸ்பியர் என்று பெயர். ஒருவருக்கொருவர் நகைச்சுவைக் கடிதங்கள், போலி ஆணைகள். எங்கள் கேரம் பலகைக் கூட்டத்தைப் போலவே இருக்கிறதே என்று வியந்தோம். அந்த நண்பர்கள் படிப்பு முடிந்து திசைக்கொருவராய்ப் பிரியும் வேளை வந்தபோது, இடமும் காலமும் தடுக்க முடியாத செப ஒன்றிப்பை ஃபிரசாத்தி விரும்பினார். சேர்ந்து ஏற முடியாமற் போகும் நாளை அவர் எதிர்பார்த்திருந்தார். அந்நாள் ஓராண்டுக்குள் வந்துவிட்டது. அதன்பின் நினைவுகளைச் சுமந்தவர்கள் அந்நண்பர்களும் அவருடைய தங்கை லூசியானாவும். சாட்சியங்களைத் திரட்டி நூல்களாக எழுதிய அந்த அம்மையார் 2007வரை, நூற்றைந்து வயதுவரை, வாழ்ந்தார். தமையன் அருளாளராக உயர்த்தப்பட்டதை 1990இல் கண்டார். அவர்கள் பேசாமல் இருந்திருந்தால், நூறாண்டுக்குப் பின் உரோமையில் அந்தப் பெயர் ஒலித்திருக்குமா?

இவ்விருவரையும்விடப் பழைய மலையேறி ஒருவர் இருக்கிறார். தாபோர் மலையில் ஆண்டவர் உருமாறியபோது, மூன்று கூடாரங்கள் அமைப்போம், இங்கேயே இருந்துவிடுவோம் என்றவர் பேதுரு. மலையேறிய எவருக்கும் அந்த ஆசை அந்நியமானதன்று. ஆனால் இறங்க வேண்டியிருந்தது; அதுவும், கண்டதைக் குறித்த காலம்வரை பேசாதே என்ற கட்டளையோடு. பேதுருவின் இரண்டாம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தைத் தமிழாசிரியர் ஒருநாள் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். அங்கே வயது முதிர்ந்து, சாவு அண்மையில் இருப்பதை அறிந்த ஒருவர் பேசுகிறார். தூய மலையில் நாங்கள் அவரோடு இருந்தோம், அக்குரலைக் கேட்டோம் என்கிறார். அதற்குச் சற்று முன்னர், தம் உடலைக் கூடாரம் என்கிறார். அதை விரைவில் களைய வேண்டியிருக்கும் என்கிறார். மலையில் கூடாரம் போட முந்தியவரே, இறுதியில் தாமே ஒரு கூடாரம் என்று கண்டுகொண்டார். ஏறியபோது அவருக்குச் சொல்ல எதுவும் சரியாக வரவில்லை. இறங்கிப் பல்லாண்டு கழிந்தபின்தான் அம்மலை அவர் வாயில் சொல்லாகிறது. அவர் சொல்லக் கேட்கவும் சிலர் இருந்தார்கள்.

கேட்கிறவர்கள் இருந்தார்கள் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. தைப்பூசத்தையொட்டி நம் சாலைகளில் பழனிக்குச் செல்லும் நகரத்தார் காவடிக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பல நூற்றாண்டுகளாகத் தொடர்ந்து நடக்கிறார்கள். இரவில் தங்குமிடங்களில் முதியவர்கள் முன்னோர் நடந்த கதையைச் சொல்ல, முதல்முறை வரும் சிறுவர்கள் சுற்றி அமர்ந்திருப்பார்கள். நடையைச் சுமந்து செல்வது கால்கள் மட்டுமல்ல என்று அவர்களைப் பார்த்து அறிந்துகொண்டோம். நம் வேளாங்கண்ணி நடைப்பயணக் குழுக்கள் இந்தக் கலையை இன்னும் நன்றாகக் கற்கலாம். பலவற்றில் இப்போது கதையைவிட ஒலிபெருக்கி மிகுதி.

ஆகவே நாங்கள் கலையவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின், பூட்டுப் பட்டறை நண்பரின் வீட்டில் கூடுகிறோம். அவர் வீட்டில் கூடுவதற்குக் காரணம், அவரால் வெளியே வர இயலாது. பக்கவாதம் வந்து கட்டிலோடு இருக்கிறார். சன்னலைத் திறந்தால் சிறுமலை தெரியும்படி கட்டிலைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். நெபோ மலையில் நின்று மோசே தாம் புகமுடியாத நாட்டைப் பார்த்தார். இவர் சமவெளியில் படுத்துக்கொண்டு தாம் இனி ஏறமுடியாத மலையைப் பார்க்கிறார். பேரேட்டிலிருந்து ஒரு பக்கம் வாசிப்போம். அப்பக்கத்தைப் பற்றி அவரவர் நினைவில் இருப்பதைச் சொல்வோம். இறந்துபோன இருவருக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொல்லித் தேநீர் குடித்துக் கலைவோம்.

இக்கூட்டங்களில் தீராத வழக்கு ஒன்று இருந்தது. வெள்ளோட்டுக்குக் கிழக்கே சிறுமலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில், பாதி உயரத்தில், இரட்டை இலுப்பை மரங்களுக்கு அருகில் ஓர் ஊற்று. கோடையிலும் நான்கு பேர் தாகம் தீரக் கசியும். 1989ஆம் ஆண்டுப் பக்கத்தில் கணக்கர் எழுதியிருக்கிறார்: ‘தண்ணீர், இரட்டை மரம் தாண்டி இடப்புறம், தட்டைக் கல்லுக்கு அடியில்.’ இடப்புறமல்ல, வலப்புறம் என்பது பூட்டுப் பட்டறைக்காரரின் வாதம். கணக்கர் தம் எழுத்தை விட்டுக்கொடுப்பவரல்லர். அவர் மறைந்தபின் அவருடைய கட்சியைத் தமிழாசிரியர் எடுத்துக்கொண்டார். பக்கவாதத்தால் குழறும் நாவோடு மற்றவர், “வலது… வலது…” என்று வலக்கை தூக்க முயன்று, தூக்க முடியாமல் இடக்கையால் காட்டுவார். அது எங்களுக்குச் சிரிப்பும் துயரமுமாய் இருக்கும்.

2023ஆம் ஆண்டு ஒரு கூட்டத்திற்கு உபதேசியார் மகனின் இளைய மகள் வந்திருந்தாள். செவிலியர் படிப்பு முடித்தவள். பெரியப்பாவுக்கு இரத்த அழுத்தம் பார்க்க வந்தவள், வழக்கு நடப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டாள்: “இது ஏறும்போது எழுதினதா, இறங்கும்போது எழுதினதா?”

வீடு சற்று நேரம் அமைதியாயிருந்தது. தமிழாசிரியர் பக்கத்தை மீண்டும் எடுத்தார். அதற்கு மேல் வரியில், ‘மூன்று மணி. இறக்கம் தொடங்கினோம்’ என்றிருந்தது. இறங்குகிறவனுக்கு இடப்புறம் எதுவோ அதுதான் ஏறுகிறவனுக்கு வலப்புறம். கணக்கரும் சரி, பூட்டுக்காரரும் சரி. ஒருவர் தண்ணீரை வரும் வழியில் நினைவு வைத்திருந்தார், மற்றவர் போகும் வழியில். நாங்கள் அனைவரும் அப்பாதையில் நடந்தவர்கள் ஆதலால் எவருக்கும் அக்கேள்வி தேவைப்படவில்லை. நடவாத ஒருத்திக்குத்தான் தேவைப்பட்டது. கட்டிலில் கிடந்தவர் வெகுநேரம் சிரித்தார். பின்னர் அழுதார்.

அடுத்த சனவரியில், அந்தோணியார் திருநாளுக்குச் சிறுமலை செல்லும்போது சாலை வழியே போகாமல் அப்பாதையில் ஏற வேண்டும் என்று அவள் விரும்பினாள். உரிய அனுமதி பெற்று, வனக்காவலர் ஒருவரின் துணையோடு, அவளும் இரு தோழியரும் எங்கள் இரயில்வே நண்பரின் பேரனும் புறப்பட்டனர். கூட்டத்தைக் கலைத்துவிடுவோம் என்றவர் அவர். பேரேட்டின் அந்தப் பக்கத்தைப் படியெடுத்துப் பேரனின் சட்டைப் பையில் வைத்தவரும் அவரே. உண்ணிச்செடி பெரும்பகுதியை மூடியிருந்தது. வனக்காவலரின் அரிவாள் இல்லாவிட்டால் ஏறியிருக்க முடியாது. இரட்டை மரங்களில் ஒன்று சாய்ந்து மக்கிக் கிடந்தது. மற்றது நின்றது.

பிப்ரவரிக் கூட்டத்தில் புதிய பக்கத்தை அவள் கையெழுத்தில் வாசித்தோம். செலவு: ரூபாய் 640, தண்ணீர்ப் புட்டி ஒன்று, கையில் முள் கீறல் ஆறு. வரவு: காலை ஏழே முக்கால், குதிரைகள் நான்கு எதிரே வந்தன, ஓரம் நின்றோம். ஒற்றை மரம். தட்டைக் கல். அடியில் ஈர மண், கையால் தோண்டினோம், அரை மணியில் ஒரு குவளை ஊறியது, வடிகட்டிக் குடித்தோம்.

பெரியப்பா கட்டிலில் தலையை உயர்த்தப் பார்த்தார். “எந்தப் பக்கம்னு எழுதினியாம்மா?”

“ஏறும்போது வலது, பெரியப்பா. இறங்கும்போது இடது. ரெண்டும் எழுதியிருக்கேன்.”